வளவும் வட்டையும்: கல்முனைக் கரையோரத்து வேளாண்மைக் குடும்பத்தின் 19ஆம் நூற்றாண்டைத் தேடுதல்

அத்தியாயம் 4

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக நீளும் ஊர்களிலும், உள்ளே சம்மாந்துறை, இறக்காமத்திலும் குடும்ப வரலாறு தேடப் புறப்படுகிறவர்கள் முதலில் இடறுவது பெயரில்தான். நமக்குப் பரம்பரைப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. வாப்பாவின் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாகிறது. பேரப்பிள்ளையில் அதுவும் போய்விடுகிறது. மூன்று தலைமுறைக்குப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், ஒரே பற்றில் ஒரே பெயரோடு பத்து லெவ்வைமார் நிற்பார்கள். அவர்களில் உங்கள் ஆள் யார் என்று பெயர் சொல்லாது.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: ஆணின் பெயரைப் பிடித்துப் பின்னால் போகாதீர்கள். பெண்ணின் வளவைப் பிடித்துப் போங்கள். அங்கிருந்து வயலுக்குப் போங்கள். வயலிலிருந்து ஆணின் பெயருக்கு வாருங்கள். இந்தக் கரையில் வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார், குடி தாய்வழி வருகிறது. வரலாறும் அந்த வழியாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது.

எவ்வளவு தூரம் போகலாம்?

1985இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். தலைமுறைக்கு 20 முதல் 25 ஆண்டு என்று வைத்தால், அவருடைய உம்மா 1960ஐ ஒட்டியும், உம்மாவின் உம்மா 1937ஐ ஒட்டியும், அவருடைய உம்மா 1914ஐ ஒட்டியும் பிறந்திருப்பார்கள். இன்னும் ஒரு படி ஏறினால் 1890. அதற்கு மேல் 1868. அதற்கும் மேல் 1845. அதாவது தாய்வழியில் ஆறு படி ஏறினால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வந்துவிடுவோம். முதல் மூன்று படி மனித நினைவில் கிடைக்கும். நான்காவதும் ஐந்தாவதும் உறுதியிலும் பதிவேட்டிலும் கிடைக்கும். ஆறாவது படி ஒரு வயலின் எல்லையிலோ வரி இடாப்பிலோ ஒரு வரியாகக் கிடைத்தால் பெரிய பேறு.

அதற்கு அப்பால் ஒரு கதை எப்போதும் காத்திருக்கும். போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் சேனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான், எங்கள் முன்னோர் அவர்களில் வந்தவர்கள் என்பார்கள். வரலாற்று நூல்களிலும் அந்தக் குடியேற்றம் பேசப்படுகிறது. உங்கள் குடும்பத்துக்கும் அதற்கும் இடையே 200 ஆண்டு வெளி இருக்கிறது. அதை இட்டு நிரப்ப ஏடு இல்லை. கதையைக் குடும்ப மரபு என்று தனியாக எழுதி வையுங்கள். மரத்தில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

முதற்படி: மூத்தம்மாவின் வாசல்

வீட்டில் உயிரோடிருக்கும் மூத்த பெண்ணிடம் முதலில் போங்கள். ஆண்கள் காணியின் பெயரைச் சொல்வார்கள். பெண்கள் யார் யாருக்கு எந்த வளவு போனது என்பதைச் சொல்வார்கள். “உங்கட வாப்பாட பேரென்ன” என்று தொடங்கினால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்:

“மூத்தம்மா, நீங்க பொறந்த வளவு எது? அது ஆர்ர சீதனம்?”

“உங்கட உம்மாக்கு கூடப்பொறந்த பொம்புளைகள் எத்தின பேர்? ஆருக்கு எந்தப் பக்கத்து ஊடு போச்சு?”

“உங்கட மூத்தவாப்பா எந்த வட்டைக்குள்ள வேளாம செஞ்சவரு? அவருக்கு முல்லைக்காரன் ஆர்?”

“நம்மட குடி என்ன குடி? பள்ளில நம்மட குடிக்கு மரைக்கார் ஆரா இருந்தாங்க?”

வட்டை என்றால் வயல்வெளி; முல்லைக்காரன் என்றால் போடியாரின் வயலில் முன்நின்று வேலை செய்தவர். ஒரு கேள்விக்கு ஒரு பதில் வராது. ஒரு கேள்விக்கு ஒரு பின்னேரம் போகும். குறுக்கே பேசாமல் விடுங்கள். பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுக் கைபேசியை முன்னால் வையுங்கள்.

உறவுச் சொல்லில் கவனம் வேண்டும். மச்சான் மச்சி முறையில் கலியாணம் நடக்கிற சமூகத்தில் “மாமா” என்றால் உம்மாவின் சகோதரனும் ஆகலாம், மாமியைக் கட்டியவரும் ஆகலாம், பெண் கொடுத்தவரும் ஆகலாம். சில வேளை மூன்றும் ஒரே ஆள். ஒவ்வொரு மாமாவுக்கும் “உம்மாவோட கூடப்பொறந்தவரா, கட்டின வழியா” என்று கேட்டு எழுதுங்கள். காக்கா, ராத்தா என்பதும் கூடப்பிறந்தவர்களோடு நிற்பதில்லை. சாச்சியின் மகனும் காக்காதான்.

பிறகு ஒழுங்கையைக் கீறுங்கள். மூத்த மகளுக்குத் தாயின் வீடு போகும். அடுத்த மகளுக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டப்படும். பெற்றோர் கடைக்குட்டியோடு ஒதுங்குவர். இது மூன்று தலைமுறை நடந்தால் ஒரு வேலிக்குள் இருந்த பெரிய வளவு எட்டுப் பத்து வீடாக உடைந்திருக்கும். வீடுகளை வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றிலும் இன்றைய வீட்டுக்காரியின் பெயரையும் அவர் யாருடைய மகள் என்பதையும் எழுதுங்கள். தாளில் ஓர் ஒழுங்கை முடியும்போது பெரும்பாலும் ஒரு தாயின் வயிற்றுவார் முழுவதும் உங்கள் முன் இருக்கும்.

இரண்டாம் படி: குடியும் பள்ளியும்

மட்டக்களப்புத் தேசத்தின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி முறை உண்டு. முஸ்லிம் ஊர்களில் பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி போலப் பெண்ணின் பெயர் தாங்கிய குடிகளும் உண்டு. தொழிலையோ இடத்தையோ பட்டத்தையோ சுட்டும் குடிகளும் உண்டு. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை என்பது பழைய வழக்கம். இது தேடுகிறவருக்குக் கிடைத்த நல்ல சோதனைக் கருவி. நீங்கள் வரைந்த மரத்தில் கணவனும் மனைவியும் ஒரே குடியாக வந்தால், ஒன்றில் அந்த வழக்கம் தளர்ந்த காலத்துக் கலியாணம் அது, அல்லது நீங்கள் எங்கோ ஒரு படியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். 19ஆம் நூற்றாண்டுப் படியில் அப்படி வந்தால் இரண்டாவது காரணத்தை முதலில் சந்தேகியுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகம் குடிகளின் மேல் கட்டப்பட்டிருந்தது. குடிக்கு ஒரு மரைக்கார். அவர் இறந்தால் அதே குடிக்குள் இன்னொருவர். மகன் தாயின் குடியைச் சேர்ந்தவன் என்பதால் மரைக்கார் பதவி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. மாமனிடமிருந்து மருமகனுக்குப் போவதே இயல்பு. இரண்டு மரைக்கார்களின் பெயர் அடுத்தடுத்து வந்தால் தகப்பன், மகன் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

பள்ளியில் கேட்கவேண்டியவை: மரைக்கார்மார் பெயர்ப் பட்டியல், குடிவாரியாகக் கந்தூரிக்கும் பள்ளிக் கட்டட வேலைக்கும் பணமோ நெல்லோ கொடுத்த கணக்குக் கொப்பி, வக்பு செய்த காணியின் உறுதி, நிக்காஹ் எழுதிய கடுத்தப் புத்தகம். வக்பு உறுதியைக் கட்டாயம் கேளுங்கள். பள்ளிக்கு வயல் எழுதிக்கொடுத்த போடியார் தன் தாயின் பெயரில் நன்மை சேரட்டும் என்று எழுதியிருந்தால், வேறெங்கும் கிடைக்காத ஒரு பெண்ணின் பெயர் அங்கே இருக்கும்.

பழைய கொப்பிகளில் ஒரு பகுதி அரபுத் தமிழில் இருக்கும். எழுத்து அரபு, மொழி தமிழ். உங்களுக்கு வாசிக்க வராவிட்டால் ஊரின் மூத்த ஆலிம் ஒருவரோடு உட்காருங்கள். சுருக்கிச் சொல்லும்படி கேட்காமல், வரிக்கு வரி தமிழ் எழுத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

மையவாடியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மீசான் கட்டை நட்டிருப்பார்கள். பெயர் வெட்டியிருப்பது அரிது.

மூன்றாம் படி: பெயரைப் பிரித்தல்

இப்போதுதான் பெயருக்கு வருகிறோம். முதலெழுத்துகள் இங்கே அரைச் சாவி. யு.எல். என்றால் பெரும்பாலும் உதுமாலெவ்வை; ஐ.எல். என்றால் இஸ்மாலெவ்வையோ இப்றாலெவ்வையோ, ஏ.எல். என்றால் ஆதம்லெவ்வை, அகமதுலெவ்வை, அலியார்லெவ்வை என்று பல வழி. லெப்பை, லெவ்வை இரண்டும் ஒன்றே. ஆங்கில எழுத்தில் அதே பெயரை ஒரு கிளாக்கர் ஒரு விதமாகவும் அடுத்தவர் வேறு விதமாகவும் எழுதியிருப்பார். ஆங்கில இடாப்பைத் தேடும்போது ஒலிக்கக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டலையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

பெயரோடு ஒட்டி நிற்கும் பட்டம் பெயரைவிடப் பயன் தரும். போடி, போடியார் என்றால் வயலும் மாடும் வைத்து ஆள்விட்டு வேளாண்மை செய்தவர். வட்டவிதானை என்றால் ஒரு வட்டையின் தண்ணீர், வேலி, விதைப்பு நாளைப் பார்த்தவர். உடையார், வன்னியனார் என்போர் அரசின் தலைமைக்காரர். இவர்களுடைய பெயர் நிர்வாக ஏடுகளில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். பரிசாரி, ஓடாவி, மோதின் ஆகியவை தொழிலைச் சொல்லும். ஒரே பெயருள்ள இரண்டு பேரைப் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஒட்டுத்தான்.

பெண்கள் உறுதியில் தம் பெயரோடு “இன்னார் மகள்”, “இன்னார் பெண்சாதி” என்று வருவார்கள். ஒரே பெண் 1890இல் மகளாகவும் 1910இல் பெண்சாதியாகவும் வருவார். இரண்டையும் இணைப்பது காணியின் பெயர்.

நான்காம் படி: உறுதியை வாசித்தல்

காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொன்னது. காணிப் பதிவு 1863ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி உறுதி ஒன்று உங்கள் குடும்ப அலுமாரியில் இருப்பது அதிசயமல்ல. சீதன உறுதி, நன்கொடை உறுதி, அறுதி உறுதி, ஈட்டு உறுதி, ஒற்றி உறுதி எல்லாமே வேண்டும். கடன்பட்ட உறுதியை வெட்கப்பட்டு ஒதுக்காதீர்கள். கடன் கொடுத்தவர் காணி எப்படி வந்தது என்பதை விளக்கமாக எழுதச் சொல்லியிருப்பார்.

மாதிரிக்கு ஒரு சீதன உறுதியின் சாரத்தை எழுதிக் காட்டுகிறேன். பெயர்கள் இல்லை, அமைப்பை மட்டும் பாருங்கள்.

“மட்டக்களப்பு டிஸ்திரிக்கு, கரைவாகுப்பற்று, சாய்ந்தமருதில் இருக்கும் இன்னார் மகன் இன்னாராகிய நானும் என் பெண்சாதி இன்னாரும், எங்கள் மகள் இன்னாருக்கு இன்னாரோடு நடக்கும் விவாகத்தை முன்னிட்டு, என் பெண்சாதிக்குத் தாய்வழி முதுசமாய் வந்த வீடும் வளவும், நான் இன்ன உறுதியால் விலைக்கு வாங்கிய இன்ன வட்டையில் இன்ன கண்டத்தில் இன்ன அவணம் விதைப்புள்ள நெற்காணியில் தென்பாதியும் சீதனமாய்க் கொடுத்தோம். நெற்காணிக்கு எல்லை: வடக்கு என் சகோதரி இன்னார் காணி, கிழக்கு வாய்க்கால், தெற்கு இன்னார் போடி காணி, மேற்கு தரவை.”

இந்த ஒரு பத்தியில் என்ன இருக்கிறது? கொடுப்பவரின் தகப்பன், கொடுப்பவர், அவர் மகள் என்று மூன்று தலைமுறை. மருமகனின் பெயர். வளவு பெண்சாதியின் தாய்வழி வந்தது என்பதால், அந்த வளவை நீங்கள் ஏற்கனவே வரைந்த ஒழுங்கைப் படத்தில் வைக்கலாம். அத்தோடு இன்னொரு பெண் தலைமுறை மேலே ஏறுகிறது. நெற்காணி விலைக்கு வந்தது என்பதால் முந்திய உறுதியின் இலக்கம் கிடைக்கிறது. அதைப் பிடித்து விற்றவரிடம் போகலாம். வடக்கு எல்லையில் சகோதரி இருக்கிறார். எனவே விலைக்கு வாங்கினேன் என்று சொன்னாலும், முன்பு ஒரே துண்டாக இருந்த வயலை உடன்பிறந்தவர்கள் சேர்ந்து வாங்கியோ பிரித்தோ இருக்கலாம். தெற்கே ஒரு போடி இருக்கிறார். அவருடைய வாரிசுகளின் உறுதியில் வடக்கு எல்லையாக உங்கள் முன்னோரின் பெயர் இருக்கும். உங்கள் உறுதி தொலைந்திருந்தாலும் அயலவனின் உறுதி உங்கள் முன்னோரைக் காட்டும். இந்த வழியைப் பலர் நினைப்பதில்லை.

உறுதியில் பதிவு முத்திரையோடு ஒரு தொகுதி எண்ணும் தாள் எண்ணும் இருக்கும். அந்த எண்ணோடு காணிப் பதிவகத்துக்குப் போனால், அந்தத் துண்டுக்கு வந்த கைமாற்றங்களை ஒரே தாளில் வரிசையாகப் பார்க்கலாம். தாள் நிரம்பினால் அடுத்த தாளுக்குக் கொண்டுபோன குறிப்பு இருக்கும். பழைய தாளுக்குத் திரும்பும் குறிப்பும் இருக்கும். பின்னோக்கிப் போய்க்கொண்டே இருங்கள்.

ஐந்தாம் படி: அரச ஏடுகள், எங்கே எந்தத் தலைப்பில்?

ஒரு நிர்வாகச் செய்தி மறக்கக்கூடாதது. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் உண்டானது. அதற்கு முன் கல்முனையும் அக்கரைப்பற்றும் சம்மாந்துறையும் மட்டக்களப்பு மாவட்டம். 19ஆம் நூற்றாண்டு ஏட்டில் அம்பாறை என்ற தலைப்பில் தேடினால் குளத்தின் பெயர் வரும்; குடும்பம் வராது. மட்டக்களப்பு என்று தேடி, உள்ளே பற்றின் பெயரைப் பிடியுங்கள்: கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று. உங்கள் ஊர் எந்தப் பற்றில் இருந்தது என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஊர் ஒரு பற்றிலும் வயல் வேறு பற்றிலும் இருந்திருக்கும். சாய்ந்தமருதுக்காரரின் வயல் சம்மாந்துறைப்பற்றில் இருந்தால் ஏடும் இரண்டு இடத்தில் தேட வேண்டும்.

பிறப்பு, இறப்புப் பதிவு: 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழுங்கானது. தொடக்க காலத்தில் கிராமத்தில் பல பிறப்புகள் பதியப்படவில்லை. இறப்புப் பதிவில் வயதும் காரணமும் கிடைத்தால் பிறந்த ஆண்டைக் கணக்கிடலாம். சொன்ன வயதைப் பத்தாண்டு முன்பின்னாக எடுத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் தொடங்கி, இல்லாவிட்டால் பத்தரமுல்லையிலுள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்குப் போங்கள். வீட்டுப் பெட்டியில் உத்தேச வயதுப் பத்திரம் இருந்தால், அந்த ஆள் பிறந்தபோது பதியப்படவில்லை என்பது தெரிந்துவிடும். வீண் அலைச்சல் மிச்சம்.

விவாகப் பதிவு: முஸ்லிம் விவாகப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் 1886இல் வந்தது, பிறகு 1929ஆம் ஆண்டின் சட்டமும் 1951ஆம் ஆண்டின் சட்டமும் அதன் இடத்துக்கு வந்தன. பதியாததால் நிக்காஹ் செல்லாமல் போகாது என்பதால் 19ஆம் நூற்றாண்டில் பதியாதோர் நிறைய. பதிந்திருந்தால் மஹர், கைக்கூலி, சீதன விவரம் சேர்ந்து கிடைக்கும் வாய்ப்பு உண்டு.

நீதிமன்றம்: காணி வைத்திருந்த ஒருவர் இறந்தபின் நடந்த மரணசாதன வழக்கில் வாரிசுப் பட்டியல் இருக்கும். இஸ்லாமிய வாரிசுரிமைப்படி ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. ஆனால் மகள்மார் சீதனமாக முன்பே வாங்கியிருப்பார்கள். இந்த இரண்டும் மோதும் இடத்தில்தான் வழக்கு வரும். வழக்கு வந்தால் சாட்சிகள் வருவார்கள். சாட்சிகள் குடும்பக் கதையைச் சத்தியம் செய்து சொல்லியிருப்பார்கள்.

குடிசன மதிப்பு: நாடு முழுவதற்குமான முதற் கணக்கெடுப்பு 1871இல்; பிறகு பத்தாண்டுக்கொன்று. அச்சிட்ட அறிக்கையில் ஊரின் தொகை கிடைக்கும், ஆளின் பெயர் கிடைக்காது. உங்கள் ஊர் அப்போது எவ்வளவு பெரியது என்று அறிய மட்டும் பாருங்கள்.

வர்த்தமானியும் நிர்வாக அறிக்கைகளும்: அரச வர்த்தமானி 1802இலிருந்து வருகிறது. அரச காணி விற்பனை, காணித் தீர்வு, தலைமைக்காரர் நியமனம் ஆகியவற்றை அதில் தேடுங்கள். மட்டக்களப்பு உதவி அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் கச்சேரிக் கடிதங்களும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. அங்கே போகும்போது ஆளின் பெயரோடு போகாதீர்கள். பற்று, வட்டை, குளம், ஆண்டு என்ற நான்கோடு போங்கள்.

நில அளவை: அரச காணியாக விற்கப்பட்ட துண்டுக்கு நில அளவைத் திணைக்களத்தின் படம் இருக்கும். உறுதியின் அட்டவணையில் பட இலக்கம் எழுதியிருப்பார்கள். பழைய படத்தில் பக்கத்துத் துண்டுக்காரரின் பெயர் எழுதப்பட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பு பற்றி ஒரு சொல். கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் பக்கத்துக் குடும்பங்கள் அதை வைத்து 18ஆம் நூற்றாண்டுக்குப் போகின்றன. அந்த வசதியை நம்பி இந்தக் கரைக்காரர் நேரம் செலவிட வேண்டாம். ஒல்லாந்தரின் மட்டக்களப்புத் தலைவராக 1784 முதல் 1794 வரை இருந்த யாக்கோப் புர்னாண்ட் எழுதிவைத்த குறிப்பு இப்பகுதி வேளாண்மையின் நிலையை அறிய உதவும். குடும்பம் தேட அல்ல.

ஆறாம் படி: வயலின் காலவரிசை

ஒரு குடும்பம் ஏன் அந்த ஆண்டில் அந்த வட்டைக்குப் போனது என்று கேட்டுப் பாருங்கள். விடை பெரும்பாலும் தண்ணீரிலும் வரியிலும் இருக்கும்.

1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட் காலத்தில் மட்டக்களப்புப் பக்கத்துக் குளங்களைத் திருத்தும் வேலை தொடங்கியது. இறக்காமக் குளமும் அம்பாறைக் குளமும் அதில் அடங்கின. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பழைய வழக்கங்களைச் சட்டத்தின் துணையோடு நடத்த வழி செய்தது. மழையை நம்பிய முன்மாரி வயலோடு நின்ற கரையோரக் குடும்பங்களுக்குக் குளத்துத் தண்ணீரில் பின்மாரியும் செய்ய வாய்ப்பு விரிந்தது. உங்கள் குடும்பத்தின் முதல் உறுதி 1860களுக்கும் 1880களுக்கும் இடையில் தொடங்கி, வயல் மேற்கே உள்ளே இருந்தால், இந்தப் பின்னணியோடு வைத்துப் பாருங்கள்.

நெல்வரி அடுத்தது. 1878ஆம் ஆண்டின் தானியவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வயல்வாரியாக வரி மதிப்பிடப்பட்டது. 1892இல் அந்த வரியை நீக்கச் சட்டம் வந்தது. வரி இடாப்பு கிடைத்தால் வயலின் பெயர், பரப்பு, வரி கட்டியவர் மூன்றும் ஒரு வரியில் இருக்கும். வரி கட்டியவர் சொந்தக்காரரா, குத்தகைக்காரரா என்பதை உறுதியோடு ஒப்பிட்டே சொல்ல முடியும்.

போடியார் குடும்பம் தேடுவோருக்கு ஏடு கிடைக்கும். முல்லைக்காரன், வாரத்துக்குச் செய்தவர், அரிவி வெட்டியவர் ஆகியோரின் பிள்ளைகள் தேடினால் உறுதி இராது. அவர்கள் போடியாரின் கணக்குக் கொப்பியைத் தேட வேண்டும். விதைநெல் கடன், சூடடித்த நாள், கூலி நெல் கணக்கு என்று பெயரோடு எழுதியிருப்பார்கள். நெய்னாகாடு, மல்கம்பிட்டி, சம்புக்களப்பு போன்ற வயற்பகுதிகளில் எந்தப் போடியாரோடு உங்கள் குடும்பம் நின்றது என்று மூத்தவர்களிடம் கேட்டு, அந்த வீட்டின் படியேறுங்கள்.

மாட்டுக் குறியையும் விடாதீர்கள். பட்டி வைத்திருந்தவர்கள் குடிக்குரிய குறியையும் சொந்தக்காரரின் எழுத்தையும் மாட்டில் சுட்டார்கள். பழைய குறிக்கம்பி கோடியில் துருப்பிடித்துக் கிடந்தால் படம் எடுத்து வையுங்கள். குடியை உறுதிப்படுத்தும் சான்று அது.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பழைய வட்டைகளின் வாய்க்காலையும் எல்லையையும் பெயரையும் பல இடங்களில் மாற்றியது. 1890ஆம் ஆண்டு உறுதியின் வட்டையை இன்றைய நிலத்தில் காட்டக்கூடியவர் ஒரு முதிய வட்டவிதானைதான். அவரையும் அழைத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள். கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஆண்டைப் பிடித்தல்

மூத்தவர்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். இவற்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: 1907 புயல், 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்டது, அதே ஆண்டில் ஏ.எம்.ஏ. அசீஸ் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்து உணவு உற்பத்தி வேலை நடத்தியது, 1957 வெள்ளம், 1978 நவம்பர்ச் சூறாவளி. “புயலடிச்ச வருசம் உம்மா கைப்புள்ள” என்றால் எந்தப் புயல் என்று கேளுங்கள்.

அரபுத் தமிழ்க் கொப்பியில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். ஹிஜ்ரி 1300 கி.பி. 1882 நவம்பரில் தொடங்கியது. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள் மட்டுமே என்பதால் வெறுமனே கூட்டிக் கழித்தால் தவறும். மாற்று அட்டவணை பாருங்கள். மூல ஆண்டையும் மாற்றிய ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

எல்லாம் அழிந்த குடும்பம்

1978 சூறாவளி, 1990களின் இடம்பெயர்வு, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை என்று மூன்று தடவை அலுமாரி போன வீடுகள் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் உண்டு. அவர்களுக்கு வழி வெளியே இருக்கிறது. உறுதியின் பிரதி நொத்தாரிசிடமிருந்து பதிவகத்துக்குப் போயிருக்கும். அயலவனின் எல்லையில் உங்கள் பெயர் இருக்கும். கடற்கரை வளவு போனாலும் உள்ளே வயலில் இருக்கும் உறவினரிடம் சீதன உறுதியின் மறுபாதி இருக்கும். ஆழிப்பேரலைக்குப் பின் வீடு பெறக் கொடுத்த விண்ணப்பத்தோடு இணைத்த பிரதிகளையும் தேடிப் பாருங்கள்.

எழுத்துப் பின்னணிக்கு எஸ்.ஓ. கனகரத்தினத்தின் 1921ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்ட நூல், எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வீ.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம், அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரேயின் குடி பற்றிய எழுத்துகள், சாய்ந்தமருது எஸ்.எச்.எம். ஜெமீலின் சுவடி ஆற்றுப்படை ஆகியவை உதவும். நூலகம் இணையத்தளத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்திலும் தேடத் தொடங்கலாம். மான்மியத்தை வாசிக்கும்போது அது மரபுத் தொகுப்பு என்பதை நினைவில் வையுங்கள். அதில் உள்ளதை ஏட்டுச் சான்றாக எடுக்காதீர்கள்.

கேட்கப் போகும் முறை

ஒருவரிடம் உறுதி கேட்டால் காணி கேட்டு வந்தான் என்று நினைப்பார்கள். நியாயமான பயம். கேட்க வந்த காரணத்தை முதலிலேயே சொல்லுங்கள். உறுதியைக் கையில் வாங்காமல் அவர் பிடித்திருக்கப் படம் எடுங்கள். எடுத்த படத்தை அவருக்கே முதலில் அனுப்புங்கள். நடக்கும் வழக்குக்குள் இருக்கும் காணியைத் தொடாதீர்கள். எந்தக் குடி உயர்ந்தது என்ற பேச்சு எழுந்தால் அதைப் பதிவில் சேர்க்க வேண்டாம். தலாக், வளர்ப்புப் பிள்ளை, இரண்டாம் தாரம் போன்ற செய்திகள் வரும். உயிரோடிருப்போரைத் தொடும் பகுதியைக் குடும்பத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைத்தல்

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: ஏடு, வாய்மொழி, ஊகம். ஏடு என்றால் இலக்கமும் இடமும். வாய்மொழி என்றால் சொன்னவர், நாள். ஊகம் என்றால் காரணம். மரத்தை வரையும்போது பெண் வழியை நடுக்கோடாக வைத்து, கணவன்மாரைப் பக்கத்தில் போடுங்கள். ஒவ்வொரு பெண்ணின் கீழும் அவர் வளவையும் சீதன வயலையும் எழுதுங்கள். கணவன்மார் ஒவ்வொருவருக்கும் அவர் தாயின் குடி என்ன என்று ஒரு சொல் போதும். அவர்களுடைய வரலாறு வேறு வளவில் தொடங்குகிறது, அதை அந்த வளவுக்காரர் தேடுவார்கள்.

முடிந்ததை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில் மூத்த மகளிடம், ஒன்று பள்ளியில், ஒன்று ஒலுவில் நூலகத்தில். ஓர் அலைக்கோ ஒரு நெருப்புக்கோ மூன்றும் ஒன்றாக அகப்படாத தூரத்தில் அவை இருக்கட்டும். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒழுங்கைப் படத்தை வரைந்து, உங்கள் வீட்டின் கடைசி உறுதியிலுள்ள தொகுதி எண்ணையும் தாள் எண்ணையும் அதன் ஓரத்தில் எழுதி வையுங்கள். காணிப் பதிவகத்தில் முதலில் கேட்பது அந்த இரண்டு எண்ணைத்தான்.